முத்தம் உப்புக் கரித்தால்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்கா மகனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று கண்டுபிடிக்கவே நாலு வருடம் ஆகியிருக்கிறது. அதற்குள் மூன்று முறை நிமோனியா, ஒரு முறை காசநோய் மருந்து முழுச் சுற்று, எடை ஏறாததற்கு ஏகப்பட்ட டானிக். இப்படி ஒரு நோய் இருப்பதே குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. வெளிநாடுகளில் இதற்கு டிவியில் விளம்பரம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டீர்கள். அது உண்மையிலேயே பயன்பட்டதா, தமிழ்நாட்டில் அப்படி ஒன்று செய்தால் என்ன என்று கேட்கிறீர்கள்.

நான் இங்கிலாந்தில் குழந்தைகள் நெஞ்சகப் பிரிவில் பதினான்கு வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். அந்தக் காலத்தில் என் வேலையில் பாதி இந்த நோயுள்ள பிள்ளைகளோடுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். டிவி நிச்சயம் பயன்பட்டது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு காலத்திலும் அதற்கு வேறு வேறு வேலை இருந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அது பெரும்பாலும் பணம் திரட்டுகிற வேலை. நமக்குத் தேவையானது அதுவல்ல. தாய்க்கு ஒரே ஒரு அறிகுறியைச் சொல்லிக்கொடுக்கிற வேலை நமக்குத் தேவை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் எப்படிப்பட்ட விளம்பரம் எடுக்க வேண்டும் என்பது தானே புரியும்.

நோயைப் பற்றி இரண்டு வரி. ஏழாவது குரோமோசோமில் ஒரு ஜீன் இருக்கிறது. அது உருவாக்கும் புரதம், செல்லைச் சுற்றியுள்ள சவ்வில், உப்பின் ஒரு பகுதியான குளோரைடு போய்வர ஒரு கதவு மாதிரி வேலை செய்கிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த ஜீனின் பழுதான பிரதி வந்தால் அந்தக் கதவு சரியாகத் திறக்காது. நுரையீரலில் சளி பசை போலக் கெட்டியாகி, கிருமி குடியேறுகிறது. கணையத்தின் குழாய் அடைத்துக்கொள்வதால் கொழுப்பு செரிக்காமல் எண்ணெய்ப் பிசுக்கோடு வெளியே போகிறது. வியர்வைச் சுரப்பியில் மட்டும் கதை தலைகீழ். உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய உப்பு, வியர்வையோடு தோலுக்கு வந்துவிடுகிறது. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரே ஒரு பிரச்சினை. 1938-இல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற மருத்துவர், இறந்த குழந்தைகளின் கணையத்தைப் பரிசோதித்து, அதில் நீர்க்கட்டிகளும் தழும்பு போன்ற நார்த்திசுவும் இருப்பதைப் பார்த்து வைத்த பெயர் அது. பிணப் பரிசோதனை மேசையில் பிறந்த பெயர். குழந்தை இருமுவதைப் பற்றியோ, மூச்சு வாங்குவதைப் பற்றியோ, உப்பைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லாது. காசநோய், மஞ்சள் காமாலை, அம்மை என்றால் பாமரருக்கும் ஏதோ ஒன்று கண்ணுக்கு முன்னால் வரும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றால் ஆங்கிலம் தாய்மொழியான ஆளுக்கே எதுவும் வராது. முப்பது நொடி விளம்பரத்தில் பத்து நொடி பெயரைப் புரியவைக்கவே போய்விடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஒரு நாலு வயதுப் பையன். 1965-இல் அமெரிக்காவில் மேரி வைஸ் என்ற தாய், தன் மூன்று மகன்களுக்கும் இந்த நோய் இருப்பது தெரிந்து, ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட வீட்டிலிருந்தே ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் பையன் வந்து, நீ எதற்காக வேலை செய்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்றானாம். தன் நோயைப் பற்றி இதுவரை அவனிடம் சொன்னதில்லையே என்று தாய் பதறிப்போய், எதற்காக என்று கேட்டார். ‘சிக்ஸ்டி ஃபைவ் ரோசஸ்’ என்றான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற சத்தம் அவன் காதில் அறுபத்தைந்து ரோஜாக்களாக விழுந்திருக்கிறது. அந்தச் சொல்லை அமெரிக்காவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஃபவுண்டேஷன் தன்னுடைய அடையாளமாகவே எடுத்துக்கொண்டது. 1955-இல் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. ரோஜா இன்றைக்கும் பல நாடுகளில் இந்த நோயின் சின்னம். தமிழில் அந்தச் சிலேடை வேலை செய்யாது. ஆனால் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது: குழந்தையின் நாக்கில் புரளாத பெயர் ஊரிலும் புரளாது. அதை நாம் நம்முடைய வழியில் சரிசெய்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் டிவி எப்படி நுழைந்தது என்பதைப் பார்ப்போம். அங்கே பொதுநல விளம்பரங்களுக்கு நிலையங்கள் நேரத்தை இலவசமாகவே கொடுப்பதுண்டு. இலவசம் என்பதால் நடுராத்திரி, அதிகாலை என்று யாரும் பணம் கொடுத்து வாங்காத நேரத்தில் போட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் விழித்திருப்பது யார்? கைக்குழந்தைக்காரிகளும் நோயாளி வீட்டாரும். அது ஒரு வகையில் நல்லதுதான் என்றுகூட நினைத்திருக்கிறேன். ஆனால் நாட்டையே பேசவைத்தவை அந்தத் துண்டு விளம்பரங்கள் அல்ல. விளையாட்டுப் பத்திரிகையாளர் ஃபிராங்க் டெஃபோர்டின் மகள் 1980-இல் எட்டு வயதில் இந்த நோயால் இறந்தாள். அவளைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை ஏபிசி 1986-இல் தொலைக்காட்சிப் படமாகக் காட்டியது. அப்புறம் 1993-இல் அமெரிக்கக் கால்பந்தின் பெரிய நட்சத்திரமான பூமர் எஸியாசனின் இரண்டு வயது மகனுக்கு இந்த நோய் என்று தெரிந்தது. அவர் அதை மறைக்கவில்லை. அதே வருடம் ஒரு அறக்கட்டளை தொடங்கி, எங்கே கேமரா இருந்தாலும் இதைப் பற்றிப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க உட்கார்ந்த அப்பாக்களுக்கு இந்த நோயின் பெயர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அந்தப் பையன் இன்று முப்பது வயதைத் தாண்டி, தானும் ஒரு தகப்பன்.

கனடாவில் அந்த இடத்தில் பாடகி செலின் டியோன். அவருடைய அக்கா மகளுக்கு இந்த நோய். 1993-இல் பதினாறு வயதில் இறந்துபோனாள். 1980-களிலிருந்தே செலின் அந்த நாட்டு அமைப்புக்காகக் குரல் கொடுத்துவந்தார். உலகம் அறிந்த ஒரு பாடகி, தன் வீட்டுத் துக்கத்தை எடுத்து வந்து சொல்லும்போது அது விளம்பரமாகவே படாது.

பிரபலம் இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. திரட்டிய பணம் எங்கே போனது என்பதுதான் முக்கியம். அமெரிக்க அமைப்பு 2000-ஆம் ஆண்டை ஒட்டி யாரும் செய்யத் துணியாத ஒன்றைச் செய்தது. மக்களிடம் திரட்டிய நன்கொடையை ஒரு மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் போட்டது. பழுதான அந்தப் புரதத்தையே சரிசெய்கிற மருந்து வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதிலிருந்து 2012-இல் ஐவகாஃப்டர் வந்தது. மருந்தின் உரிமைத்தொகையில் தனக்குள்ள பங்கை 2014-இல் அந்த அமைப்பு 330 கோடி டாலருக்கு விற்றது. 2019 அக்டோபரில் மூன்று மருந்துகள் சேர்ந்த ட்ரைகாஃப்டா அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1950-களில் இந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிற வயதைத் தொட்டாலே அதிசயம். இன்று அங்கே பிறக்கும் குழந்தைக்கு ஆயுள் கணிப்பு அறுபதைத் தாண்டுகிறது. தொலைபேசியில் ஒரு தாய் கேட்ட சில்லறைக் காசும், ஆட்டத்துக்கு இடையில் ஒரு தகப்பன் பேசிய இரண்டு நிமிடமும் அந்த வருடங்களுக்குள் இருக்கின்றன. நான் இதைப் பார்த்து வியக்காத நாள் இல்லை.

பிரிட்டனின் கதை வேறு. 1989 வரை அங்கே அறக்கட்டளைகள் டிவியில் விளம்பரம் செய்யவே அனுமதி கிடையாது. அந்த அனுமதி வந்த அதே 1989-இல்தான், செப்டம்பர் 8 அன்று, இந்த நோயின் ஜீனைக் கண்டுபிடித்த செய்தி ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. டொராண்டோவின் லாப்-சீ சுயி, ஜாக் ரியோர்டன், மிச்சிகனின் ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து செய்த வேலை. அதனால்தான் செப்டம்பர் 8 இன்று உலக சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் தினம். அனுமதி வந்த பிறகு பகல் நேரத்தில், விலை குறைந்த இடைவேளைகளில், திரையின் கீழே ஒரு எண்ணோடு அறக்கட்டளை விளம்பரங்கள் ஓடத் தொடங்கின. ஒரு நிமிடம் கண் கலங்க வைத்து, மாதம் சில பவுண்டு கேட்கிற வகை.

அங்கே இன்னொரு சட்டம் இருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரியாது. 2003-ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டப்படி பிரிட்டனில் அரசியல் விளம்பரத்துக்கு டிவியில் தடை. அரசின் முடிவை மாற்றச் சொல்லும் விளம்பரமும் அந்தத் தடைக்குள் வந்துவிடும். ஆகவே, புது மருந்தை அரசு வாங்கித் தர வேண்டும் என்று ஒரு நோயாளிகள் அமைப்பு காசு கொடுத்துக்கூட டிவியில் சொல்ல முடியாது. 2015-க்குப் பிறகு ஆர்க்காம்பி என்ற மருந்துக்காக அங்கே நாலு வருடப் போராட்டம் நடந்தது. மருந்து கம்பெனி கேட்ட விலைக்கும் அரசு மருத்துவச் சேவை தர நினைத்த விலைக்கும் ஒத்துவரவில்லை. அந்த நாட்களில் பெற்றோர்கள் செய்திகளின் வழியாகத்தான் வீடுகளுக்குள் போனார்கள். நாடாளுமன்ற வாசலில் நின்றார்கள், மனுவில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்து வாங்கினார்கள், காலை நிகழ்ச்சிகளில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்கள். 2019 அக்டோபரில் இங்கிலாந்தில் ஒப்பந்தம் ஆனது. என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பையனின் அம்மா, செய்தி கேட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

ஆனால் என் அனுபவத்தில் பிரிட்டனில் டிவி செய்த மிக நல்ல காரியம் விளம்பரமும் இல்லை, செய்தியும் இல்லை. ஒரு நாடகத் தொடர். 1950-களின் கிழக்கு லண்டனில் பிரசவம் பார்க்கும் செவிலியர்களைப் பற்றிய ‘கால் தி மிட்வைஃப்’. அதில் நடிக்கும் ஜென்னி அகட்டரின் குடும்பத்திலேயே இந்த நோய் உண்டு. பல வருடமாக அந்த நாட்டு அமைப்புக்குத் துணையாக இருப்பவர். 2014 ஜனவரியில் வந்த ஒரு பகுதியில் இந்த நோய்தான் கதை. குழந்தை ஏன் தேறவில்லை என்று ஒருவருக்கும் புரியாமல் தவிக்கிறார்கள். முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் துப்பு. ஐரோப்பாவில் பல நூறு வருடமாக ஒரு பழஞ்சொல் உண்டு. நெற்றியில் முத்தமிட்டு உப்புக் கரித்தால் அந்தக் குழந்தை சபிக்கப்பட்டது, சீக்கிரம் இறந்துவிடும் என்பார்கள். அந்தப் பாட்டிகளுக்கு ஜீன் தெரியாது. ஆனால் நாக்கு சரியாகக் கண்டுபிடித்திருந்தது. தொடர் ஒளிபரப்பான வாரத்தில் எங்கள் பிரிவுக்கு வந்த தாய்மாரில் ஒருவராவது, ‘எனக்கும் அப்படித்தான் இருந்தது, சொன்னால் சிரிப்பார்களோ என்று சொல்லவில்லை’ என்று சொல்லாமல் போகவில்லை. நோயாளி பாவம் என்பதைத் தாண்டி, பார்ப்பவரின் உடம்பே அறிந்த ஒன்றைத் தொட்டதால்தான் அது நின்றது.

விளம்பரம் தவறும் இடத்தையும் சொல்ல வேண்டும். இந்த நோய்க்கான விளம்பரங்களில் தண்ணீரில் மூழ்கும் காட்சி அடிக்கடி வரும். நெஞ்சுக்குள் மூழ்குவது போல என்பது உவமை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு விடச் சொல்வதும் உண்டு. அது நல்ல வழி, நானே நண்பர்களைச் செய்ய வைத்திருக்கிறேன். ஆனால் கூடவே ஒரு குரல், இந்தக் குழந்தைகளில் பாதிப்பேர் இத்தனை வயதைத் தாண்ட மாட்டார்கள் என்று சொல்லும். எங்கள் வார்டில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இரண்டு வாரம் நரம்பு வழி மருந்துக்காகப் படுத்திருந்தாள். கட்டிலுக்கு மேலே டிவி. ஒரு மதியம் நான் அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, திரும்பாமலே கேட்டாள்: ‘அந்த வயசு வந்ததும் உடனே செத்துடுவேனா, இல்ல கொஞ்ச நாள் ஆகுமா?’ வீட்டில் யாரும் அவளிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. டிவி சொல்லியிருந்தது. விளம்பரம் எடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. நன்கொடையாளரை மட்டும் நினைத்து எழுதினார்கள். அதே திரைக்கு முன்னால் அந்த நோயுள்ள குழந்தையும் உட்கார்ந்திருக்கும் என்பது அவர்கள் எழுதும் மேசைக்கு வந்து சேரவில்லை.

அமெரிக்காவில் கிளேர் வைன்லாண்ட் என்ற இளம்பெண் இதைத்தான் மேடை மேடையாகச் சொன்னாள். நோயாளியைப் பார்த்துப் பரிதாபப்படுவது அவர்களிடமிருந்து வாழ்க்கையைப் பறிக்கிறது என்பது அவளுடைய வாதம். 2018 செப்டம்பரில், நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் 21 வயதில் இறந்தாள். இருந்தவரை அவள் கேமரா முன்னால் ஆக்ஸிஜன் குழாயோடு சிரித்துப் பேசியதைப் பார்த்தவர்களுக்கு இந்த நோயைப் பற்றி வேறு எதுவும் விளக்க வேண்டியதில்லை.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்த நோயுள்ள இரண்டு பேரை ஒரே அறையில் வைத்துப் படம் பிடிக்கக் கூடாது. ஒருவர் நுரையீரலில் உள்ள சூடோமோனாஸ், பர்கோல்டேரியா போன்ற கிருமிகள் அடுத்தவருக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. குறைந்தது ஆறடி தள்ளியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. பத்துக் குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் பாடவைக்கிற விளம்பரம் இந்த நோய்க்கு ஆகாது. உங்கள் ஊரில் யாராவது அப்படி யோசனை சொன்னால் உடனே தடுத்துவிடுங்கள்.

சரி, இப்போது நம் ஊருக்கு வருவோம். பிரிட்டனில் 2007 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்து இந்த நோயைச் சோதிக்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸில் 1981-லிருந்தே. ஆகவே அங்கே தாய் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. விளம்பரம் பணத்தைக் கேட்டால் போதும். இந்தியாவில் எல்லாப் பச்சிளம் குழந்தைக்கும் அப்படிச் சோதிக்கும் ஏற்பாடு இல்லை. இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் என்றே பல காலம் மருத்துவக் கல்லூரிகளில் படித்தவர்கள் இங்கே அதிகம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களை வைத்துப் பார்த்த கணிப்பு, 10,000 முதல் 40,000 குழந்தைகளுக்கு ஒன்று என்கிறது. அரிதுதான். ஆனால் நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையோடு பெருக்கிப் பாருங்கள். அந்தக் குழந்தைகள் எங்கே போனார்கள்? நிமோனியா, காசநோய், ஊட்டச்சத்துக் குறைவு என்று எழுதப்பட்ட சீட்டுகளுக்குள் போனார்கள். வீட்டில் சவலை என்பார்கள், கணைச்சூடு என்பார்கள், தோஷம் என்று தாயத்துக் கட்டுவார்கள். உங்கள் அக்கா மகன் நாலு வயதிலாவது கண்டுபிடிக்கப்பட்டான். அது அக்காவின் விடாப்பிடிதான் என்று நினைக்கிறேன்.

நம் வெயில் இந்தக் குழந்தைகளுக்குத் தனி எதிரி. 1948 கோடையில் நியூயார்க்கில் கடும் வெப்பம் அடித்தபோது, ஆண்டர்சனின் மருத்துவமனைக்கு நீரிழந்து துவண்டுபோய் வந்த குழந்தைகளில் இந்த நோயுள்ளவர்கள் அதிகம் இருந்தார்கள். அதே மருத்துவமனையின் பால் டி சான்ட்டாக்னீஸ், காரணம் வியர்வையில் போகும் உப்புதான் என்று 1953-இல் நிரூபித்தார். 1959-இல் கிப்சனும் குக்கும் வியர்வைப் பரிசோதனையைச் செம்மைப்படுத்தினார்கள். தோலில் லேசான மின்சாரத்தால் ஒரு மருந்தைச் செலுத்தி வியர்வை வரவழைத்து, அதில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஊசி இல்லை, வலி இல்லை. இன்றும் அதுதான் அடிப்படைச் சோதனை. நியூயார்க்கில் ஒரு வாரம் அடித்த வெயில் நமக்கு மூன்று மாதம். சித்திரை, வைகாசியில் பால் குடிக்காமல், துவண்டு, ரத்தத்தில் உப்பு இறங்கி அவசரப் பிரிவுக்கு வரும் கைக்குழந்தைகளில் இதையும் தேட வேண்டும். இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் இதைப் பற்றிக் கட்டுரைகளும் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே நம் விளம்பரம் உப்பைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். குழந்தையை உச்சி முகர்ந்து முத்தம் கொடுக்காத வீடு நம்மிடம் உண்டா? பாட்டி, அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஒரு நாளைக்கு இருபது முத்தம் விழும் நெற்றி அது. இருபது பரிசோதனைக்குச் சமம். ஒருவர் கூட அந்த உப்பைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்த வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

ஒரே வரி ஊரையே பேசவைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற கேள்வி சுவர், பேனர், டிவி என்று எல்லா இடத்திலும் இருந்தது. யார் இந்தப் புள்ளிராஜா என்று டீக்கடையில் பேசினார்கள். எய்ட்ஸ் என்ற சொல்லை வீட்டில் உச்சரிக்கவே கூசிய காலத்தில், ஒரு கேள்வியின் முதுகில் ஏறி அது வீட்டுக்குள் வந்தது. கூடவே கிண்டலும் அவமானமும் சேர்ந்தன என்பதும் உண்மை. அந்தப் பகுதியை நாம் தவிர்க்க வேண்டும். இன்னொரு சாட்சி போலியோ. சொட்டு மருந்து விளம்பரம் போலியோவின் கொடுமையைக் காட்டி நிறுத்திக்கொள்ளவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை, பக்கத்து மையம், இரண்டு சொட்டு என்று செய்ய வேண்டியதைச் சொன்னது. 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடானது. விளம்பரத்தால் மட்டும் அல்ல, வீடு வீடாகப் போன பெண்களால். ஆனாலும் கதவைத் திறந்து வைத்ததில் விளம்பரத்துக்குப் பங்கு உண்டு.

என் கையில் முப்பது நொடி கொடுத்தால் இப்படி எடுப்பேன். திண்ணையில் பாட்டி. பேரனைத் தூக்கி நெற்றியில் முத்தம். உதட்டை நாக்கால் தொட்டுப் பார்க்கிறாள். உள்ளே திரும்பி, ‘ஏடி, புள்ளைக்கு முத்தம் குடுத்தா எப்பப் பார்த்தாலும் உப்புக் கரிக்குதே, பார்த்தியா?’ தாய் வருகிறாள், அவளும் முத்தமிட்டுப் பார்க்கிறாள். ஒரு பெண் குரல், நிதானமாக: ‘வெயிலில் எல்லாக் குழந்தைக்கும் வியர்க்கும். ஆனால் எப்போதும் முத்தம் உப்புக் கரித்து, கூடவே விடாத இருமல், எவ்வளவு ஊட்டியும் ஏறாத எடை, எண்ணெய் போல மலம் இருந்தால், குழந்தை மருத்துவரிடம் வியர்வைப் பரிசோதனை என்று கேளுங்கள்.’ கடைசிக் காட்சியில் பத்து வயதுப் பையன் ஒருவன் சைக்கிள் மிதித்துப் போகிறான், சட்டைப் பையில் மாத்திரை டப்பா. பின்னணியில் அழுகை இசை வேண்டாம். இத்தனை பேர் சாவார்கள் என்ற கணக்கு வேண்டாம். நோயின் பெயர் திரையில் எழுத்தாக இருந்தால் போதும். அம்மாக்களின் வாயில் அது ‘உப்பு முத்தம்’ என்று புழங்கினால் எனக்குச் சம்மதம்.

‘கூடவே’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். வியர்வை எல்லோருக்கும் உப்புதான். கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையின் அம்மா, மே மாதத்தில் நெற்றி கரித்ததைப் பார்த்துப் பதறி ஓடிவரக் கூடாது. மூன்று நாலு அடையாளங்கள் சேர வேண்டும்.

அதே போல, பாட்டியின் வாயில் கேள்வி வைத்ததற்கும் காரணம் உண்டு. இது இருவர் வழியிலும் வரும் நோய். தாய், தகப்பன் இருவரும் தாங்கிகளாக, அதாவது தங்களுக்கு நோய் இல்லாமல் பழுதான ஜீனின் ஒரு பிரதியை மட்டும் வைத்திருப்பவர்களாக இருந்தால்தான், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் திருமணங்களில் அந்த வாய்ப்பு கூடுகிறது என்பதும் உண்மை. ஆனால் இதை முப்பது நொடிக்குள் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பழி மருமகள் தலையில் விழும். அதனால் விளம்பரத்தில் அதைத் தொடக்கூடாது. மருத்துவர் முன்னால், கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்ல வேண்டியது அது. மாமியார் மருமகளைப் பார்த்து அக்கறையோடு கேட்கிற காட்சி ஒன்று டிவியில் வந்தாலே கொஞ்சம் பாரம் குறையும்.

இனி, மிகக் கஷ்டமான பகுதி. விளம்பரத்தைப் பார்த்து ஒரு தாய் வியர்வைப் பரிசோதனை என்று கேட்டால், அது எங்கே கிடைக்கும்? தில்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ., வேலூர் சி.எம்.சி. போன்ற சில இடங்களில் நல்ல முறையில் செய்கிறார்கள். மாவட்டத் தலைநகர்களில் பெரும்பாலும் இல்லை. போக வழி சொல்லாமல் பயத்தை மட்டும் வீட்டுக்குள் அனுப்புவது கொடுமை. ஆகவே விளம்பரம் கடைசிப் படி. அதற்கு முன்னால் மண்டலத்துக்கு ஓர் அரசு மருத்துவமனையிலாவது அந்தக் கருவியும், அதைச் சரியாக இயக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். கருவி பெரிய விலை இல்லை. தவறாகச் செய்தால் தவறான முடிவு தரும் என்பதால் பயிற்சிதான் விலை. அரசின் 104 உதவி எண்ணில் பேசுபவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுத்து, எந்த ஊரார் எங்கே போக வேண்டும் என்று சொல்லவைக்கலாம். கிராமச் செவிலியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் அதே குறிப்பு. எடை ஏறாத பிள்ளைகளின் பட்டியல் ஏற்கெனவே அவர்கள் கையில்தான் இருக்கிறது.

கண்டுபிடித்து என்ன பயன், அந்த மருந்து வருடத்துக்கு 3 லட்சம் டாலர் அல்லவா என்று ஒருவர் கேட்பார். கேட்டிருக்கிறார்கள். ட்ரைகாஃப்டா நம் குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருப்பது அநியாயம்தான், அந்தச் சண்டை தனியாக நடக்க வேண்டும். ஆனால் அந்த மருந்து வருவதற்கு முன்பே மேல்நாடுகளில் ஆயுள் முப்பதைத் தாண்டிவிட்டது. எதனால்? சாப்பாட்டோடு கணைய என்சைம் மாத்திரை, கூடுதல் கொழுப்பும் உப்பும், தினமும் இரண்டு வேளை நெஞ்சிலிருந்து சளி எடுப்பது, கிருமிக்குத் தக்க ஆன்டிபயாட்டிக். இதில் பெரும்பகுதி நம் ஊரில் கிடைக்கும். சளி எடுக்கும் முறையை ஒரு தாய்க்கு ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், நான் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆறு மாதத்தில் தெரிந்த பிள்ளைக்கும் நாலு வயதில் தெரிந்த பிள்ளைக்கும் நுரையீரலில் இருக்கும் வித்தியாசம் எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தெரியும். உங்கள் அக்கா மகனுக்கும் தாமதம் என்றாலும் இன்னும் நிறையச் செய்யலாம், மனம் தளர வேண்டாம்.

நீங்கள் தொடங்க விரும்பினால் பெரிய சேனலின் மாலை நேரத்துக்கு ஆசைப்பட வேண்டாம். அந்தக் காசு உங்களிடம் இருக்காது. உள்ளூர் கேபிள் சேனல், டிடி தமிழின் மருத்துவ நிகழ்ச்சி, வானொலி போதும். மெகா தொடர் எழுதும் ஒருவரைப் பிடித்து ஒரு காட்சியில் இந்த உப்பை வைக்கச் செய்ய முடிந்தால், என் அனுபவத்தில் அது நூறு விளம்பரத்துக்குச் சமம். மதியம் தொடர் பார்க்கிற பாட்டிகள்தான் நமக்கு வேண்டியவர்கள்.

அதற்கு முன்னால் உங்கள் அக்காவோடு ஒரு நாள் சாவகாசமாக உட்காருங்கள். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது முத்தம் கரித்ததா, யாரிடமாவது சொன்னாரா, அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று கேளுங்கள். குற்றம் சாட்டுவது போல இருந்துவிடக் கூடாது. தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லாத ஒன்று அது என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். எனக்கு அனுப்பினால், அந்த முப்பது நொடியை அதிலிருந்தே உங்களோடு சேர்ந்து எழுதித் தருகிறேன்.